மீனெண்ணெயும் ஒரு சொல்லும்

ஏலக்காரருக்கு வாய் போய்விட்ட செய்தி அவர் மனைவிக்குத்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. அந்த நேரம் அவள் மீனெண்ணெய்த் தொழிற்சாலையில் மாத்திரை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கும் அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். வாசல் காவலாளி வந்து கண்ணாடிக் கதவைத் தட்டி, வெளியே வரச்சொல்லிக் கையைக் காட்டியபோது, தலையுறைக்கு வெளியே முடி தெரிகிறது போலும் என்று நினைத்து முதலில் அதைத்தான் சரிசெய்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். துறைமுகத்தில் எடை போடுகிறவன். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். அவன் நின்ற இடத்தைச் சுற்றித் தரையெல்லாம் செதில்.

"அண்ணி, எப்பவும் போலத்தான் பெட்டி மேல ஏறி நின்னாரு. மத்தி, பதினாறு கூடை. 'ஒருதரம்'னாரு. நாங்கெல்லாம் ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறோம். மறுபடியும் 'ஒருதரம்'னாரு. கூட்டம் சிரிச்சுது. அவரு விளையாடுறாருன்னு நெனச்சாங்க. நானும் சிரிச்சேன் அண்ணி. மூணாவது தடவையும் 'ஒருதரம்'. அப்பதான் பாத்தேன், வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது."

சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்துவிட்டோமே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

முப்பது வருஷம் மீன் ஏலம் போட்ட வாய் அது. செத்த மீனையும் துள்ளவைப்பார் என்பார்கள். கூடையில் கிடக்கிற மத்தியே வெட்கப்படும் அளவுக்கு அதைப் புகழ்வார். விலை சொல்லத் தயங்குகிறவனைப் பார்த்து, "என்னப்பா, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிற, ஒரு வார்த்தை சொல்லு" என்பார். மூளையில் இடப்பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கிற்று, வலது கால் இழுத்தது. அத்தனை வார்த்தைகளில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் 'ஒருதரம்'. வேண்டாமென்றாலும் 'ஒருதரம்'. ஜன்னலைச் சாத்தவும் அதுதான், திறக்கவும் அதுதான். ஏற்றி இறக்கிச் சொல்வதில்தான் வித்தியாசம். கேட்பது எல்லாம் புரிந்தது. பதில்தான் உள்ளேயே நின்றது.

அவர்கள் வீடு கயிற்றுக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. பதினேழு படி. படி முழுக்கக் கயிற்றுத் தார் வாசனை. அவளுக்கு வேலை காலை எட்டு முதல் ஐந்து வரை. ஏலம் விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும் என்பதால், கொழுந்தன் பத்து மணிக்கு வந்து அண்ணனோடு உட்கார்ந்துவிடுவான். அதுவரை கீழே கயிற்றுக் கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும் அவள் பழகிக்கொண்டாள். தோள் கொடுத்து எழுப்ப, இடது கையில் ஸ்பூனைப் பிடிக்கவைக்க, சட்டையை முதலில் வராத கையில் மாட்ட. பழகாமல் நின்றது ஐந்தரை மணிதான்.

இருபத்திரண்டு வருஷமாக ஐந்தரை மணிக்கு அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, அவர் தூங்கி எழுந்து தேநீர் போட்டு வைத்திருப்பார். அவள் காய் நறுக்க உட்காருவாள். அவர் எதிரில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அன்றைய துறைமுகத்தை இறக்கிவைப்பார்.

"இன்னிக்கு ஒருத்தன் வந்தான் பாரு, புது யாவாரி. நண்டைக் கையால தூக்கிப் பாக்கவா வேணாமான்னு யோசிக்கிறான். தம்பி, கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டேன். ஆயிடுச்சுங்கன்னான். அப்பறம் என்ன, கொடுக்குல மாட்டுறது உனக்குப் பழக்கந்தானே, தூக்குடான்னேன்."

அவள் "உம்" என்பாள். சிரிப்பு வந்தால் வெங்காயத்துக்குக் குனிந்துகொள்வாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பிறந்த வீட்டிலேயே அவளைக் கேலி செய்வார்கள். அவர் கதை சொல்ல, இவள் உம் கொட்ட, இப்படியே இரண்டு பேருக்கும் நரை வந்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தப் பேச்சுதான் கூச்சலாகவும் விளையாட்டாகவும் இருந்தது.

இப்போது ஐந்தரை மணிக்கு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெருவில் மீன் ஏற்றிய குளிர்வண்டிகள் போகும். அவள் காய் நறுக்குவாள். கத்தி பலகையில் படும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ரேடியோவைப் போட்டுப் பார்த்தாள். அது பாட்டுக்குப் பேசிற்று. ரேடியோவுக்கு உம் கொட்ட முடியுமா? ஒரு நாள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது, யாருமே எதுவும் சொல்லாமல், அவள் வாய் தானாக "உம்" என்றது. திரும்பிப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்து அழுதாள்.

தொழிற்சாலை நடைபாதையில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. மூளையின் வடிவம், அதன்மேல் தங்கச் சொட்டுகள். அதை மாட்டிய நாளிலிருந்து பதினோரு வருஷம் அதைத் தாண்டி நடந்திருக்கிறாள். படித்ததில்லை. இப்போதுதான் நின்று படித்தாள். தண்ணீரை நீக்கிப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புதானாம். அதில் முக்கியமானது மீனில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பாம். நரம்புக்கும் நினைவுக்கும் அது உற்ற துணையாம். தினமும் தன் கை வழியாக ஓடுகிற பொருள்! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தலை சுற்றிற்று.

அவள் வேலை இதுதான். வேகவைத்துப் பிழிந்த மத்தியின் எண்ணெய், பல குழாய்களில் சுத்தமாகி, கடைசியில் மாத்திரையாகி வரும். கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசைமேல் அவை உருளும்போது, தட்டையானது, இரண்டாக ஒட்டிக்கொண்டது, கசிகிறது ஆகியவற்றைப் பொறுக்கி வாளியில் போட வேண்டும். வாளி மாட்டுத் தீவனத்துக்குப் போகும். கேட்டால் வேலைக்காரர்களுக்கும் கொஞ்சம் கொடுப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரி நாய் வளர்க்கிறவள். வாரம் ஒரு பொட்டலம் அதற்கு எடுத்துப்போவாள். எல்லாரும் அவளை நாய்க்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

"நீயும் நாய் வாங்கிட்டியா?" என்று நாய்க்காரி கேட்டாள், இவள் முதல்முறை வாளியில் கையை விட்டபோது.

"இல்ல. அவருக்கு."

"அடி, மனுஷனுக்குன்னா நல்லதாப் பாத்து எடு. கசியிறத எடுக்காத. சிக்கு வாடை அடிக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டரைக் கேட்டியா?" என்றாள்.

"எண்ணெய்தானே" என்றாள் இவள்.

விற்பனைக்குப் போகும் டப்பாவில் ஒரு நாளைக்கு ஒன்று என்று போட்டிருந்தது. அது நல்லா இருக்கிறவர்களுக்கு. வார்த்தை முழுவதும் போனவருக்கு ஒன்று எந்த மூலைக்கு? இரண்டில் தொடங்கி, நான்கு, எட்டு என்று ஏற்றி, மாதக் கடைசியில் காலையும் மாலையும் கைநிறையக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளையும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தது உள்பட, ஒன்று தவறாமல் கொடுத்தாள். அவர் முகம் சுளிக்காமல் விழுங்கினார். ஏப்பத்தில் மீன் வாடை வந்தது. அந்த வாடை அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

ஒரு சாயங்காலம் தூறல் போட்டபோது அவர் ஜன்னலைப் பார்த்து, "ம்ழ" என்ற மாதிரி ஏதோ சொன்னார். இருமலாகவும் இருக்கலாம்.

"தம்பி, மழைன்னு சொன்னாரு!" என்று கொழுந்தனுக்கு அப்போதே கைப்பேசியில் சொன்னாள்.

"அப்படியா அண்ணி?"

"என் காதால கேட்டேன்ப்பா."

மறுநாள் மழையே இல்லை. அவள் வாளித் தண்ணீரை ஜன்னல் கம்பியில் விசிறி ஊற்றி, "பாருங்க, பாருங்க, இது என்ன?" என்றாள். அவர் நனைந்த கம்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஒருதரம்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். அன்று முதல் இன்னும் இரண்டு மாத்திரை கூடிற்று.

விடுமுறை நாள் ஒன்றில், நண்பகலில், அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாள். தாடையில் சின்னக் கீறல், கடுகளவு. துண்டை வைத்து அழுத்தினாள். நிற்கவில்லை. எடுத்துப் பார்த்தால் மறுபடி கசிந்தது. அப்போதே மூக்கிலிருந்தும் இறங்கிற்று. வெள்ளைத் துண்டு கண்ணெதிரில் சிவந்துகொண்டே போக, அவர் மட்டும் அசையாமல், அவளைப் பயமுறுத்திவிட்டோமே என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனும் கயிற்றுக் கடைக்காரரும் அவரை நாற்காலியோடு தூக்கிப் பதினேழு படி இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் நிற்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "புதுசா என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அவள் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கோணல் மாத்திரைகள் உருண்டன. டாக்டரம்மா ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எத்தனை குடுத்தீங்க?"

"இருபது… இருபத்திரண்டு."

"வாரத்துக்கா?"

"ஒரு நாளைக்கு."

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது.

"ரத்தம் உறையாம இருக்க நான் ஒரு மாத்திரை குடுத்திருக்கேன். இது இத்தனை உள்ள போனா, இதுவும் கொஞ்சம் அதே வேலையைச் செய்யும். இன்னிக்கு நடந்ததுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே வேணாம். மூக்குல வந்தது நல்ல காலம். மூளையில கசிஞ்சிருந்தா?"

"இது மூளைக்கு நல்லதுன்னு போட்டிருக்குங்களே?"

"பொய்யில்லம்மா. மூளையில ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுத்தி மெல்லிசா ஒரு சுவர் இருக்கு. அந்தச் சுவர்ல இந்தக் கொழுப்பும் சேர்ந்திருக்கு. ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி அனுப்புறதெல்லாம் அந்தச் சுவர் வழியாத்தான். நம்ம உடம்பு அதைத் தேவையான அளவுக்குத் தானா செஞ்சுக்காது, சாப்பாட்டுலதான் வரணும். வயித்துப் பிள்ளைக்கு மூளை வளர அது வேணும், நமக்கும் வேணும். ஆனா உங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு இருந்த இடத்துல ரத்தம் போகாம உயிரணுக்கள் செத்துப்போச்சு. இடிஞ்ச வீட்டு வாசல்ல லாரி லாரியா செங்கல்லைக் கொட்டினா வீடு எழுந்து நிக்குமா?"

"முப்பது வருஷமா மூணு வேளையும் மீன் தின்னவருங்க. அவருக்கு ஏன் வந்துச்சு?"

"சிகரெட்டு?"

அவள் தலை குனிந்தாள்.

"ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட்டாரா?"

"போடுவாரு… ஞாபகம் வந்தா."

"மீன் என்னம்மா பண்ணும், பாவம்" என்றாள் டாக்டரம்மா. "வாரத்துல ரெண்டு மூணு நாள் மீன் குடுங்க. உப்பைக் குறைங்க. இந்தப் பொட்டலத்தை இங்கேயே விட்டுட்டுப் போங்க. பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் குடுத்தேனே, ஏன் போகல?"

போகவில்லைதான். படம் காட்டிக் குழந்தைபோல் அவரைக் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஊரையே பேச்சில் கட்டிப்போட்டவரை அப்படிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அதோடு, எண்ணெய் இருக்கிறது என்ற தைரியம்.

அடுத்த வாரம் போனார்கள். பயிற்சி தருகிற பெண் சின்ன வயசு, ஓயாத ஜலதோஷக்காரி. படங்களைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஒருதரம்" என்றார். அவள் சலிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வீட்ல யாரு அதிகமாப் பேசுவீங்க?"

"இவருதான்."

"நீங்க?"

"நான் உம் கொட்டுவேன்."

அந்தப் பெண் சிரித்தாள். "செத்த இடம் செத்ததுதான்க்கா. ஆனா பக்கத்துல இருக்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமா வேலையைக் கத்துக்கும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குப் பேச்சு கேக்கணும். சும்மா 'தண்ணி வேணுமா, சாப்பிடுறீங்களா' இல்ல. ஒரு ஆள் இன்னொரு ஆள்கிட்ட பேசுற பேச்சு. பேசுங்க, நிறுத்துங்க, அவருக்கு நேரம் குடுங்க. தெனமும்."

"நான் என்னத்தப் பேச?"

"உங்க நாள்ல ஒண்ணுமேவா நடக்காது?"

அன்று ஐந்தரை மணிக்கு அவள் காய்க் கூடையை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட அவ்வளவு வியர்த்ததில்லை.

"இன்னிக்கு… வேலை இருந்துச்சு."

அவர் காத்திருந்தார்.

"மாத்திரை. நிறைய."

அவர் புருவம் உயர்ந்தது. காய்ந்துபோன மீனை ஏலத்துக்குக் கொண்டுவந்தவனைப் பார்க்கும் பார்வை. அவள் எழுந்து காய் நறுக்கப் போய்விட்டாள்.

மறுநாளும் அதே கதி. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நாய்க்காரியின் நாய் அவள் மாமியாரின் பல்செட்டைக் கவ்விக்கொண்டு தெருவில் ஓடிய கதையைச் சொல்லத் தொடங்கினாள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு துரத்தியது, நாய் நின்று திரும்பிப் பார்த்தபோது அதுவே பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி இருந்தது, எதிரே வந்தவர் அதற்கு வணக்கம் சொன்னது. சொல்லிமுடித்து நிமிர்ந்தால் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது. பேசும்போது ஒரு பக்கம் கோணுகிற வாய், சிரிக்கும்போது கோணவில்லை. பழைய முகம் அப்படியே வந்து, ஒரு நிமிஷம் இருந்து, போயிற்று. கத்தியைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்துக்காக என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தோன்றிற்று.

அதன்பிறகு அவளுக்குக் கண் திறந்துகொண்டது. காவலாளி எந்தக் கையால் மீசையை முறுக்குகிறான், மேலாளர் யாரிடம் குழைகிறார் எல்லாம் சேர்த்துவைத்தாள். "என்னடி எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்குற, போலீஸ்ல சேந்துட்டியா?" என்றாள் நாய்க்காரி. ஆனால் மாத்திரைத் தொழிற்சாலையில் எத்தனை கதை கிடைக்கும்? அவர் கேட்டுக்கொண்டிருந்தபடியே பார்வை ஜன்னல் வழியாகத் துறைமுகப் பக்கம் போவதை அவள் கவனித்தாள்.

"தம்பி, நாளைக்கு எனக்கு லீவு. நான் ஏலம் பாக்க வரேன்" என்றாள் கொழுந்தனிடம்.

"அண்ணி, அங்க… இப்ப வேற ஆள் நிக்கிறாரு."

"தெரியும்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அவர் ஏலம் போடுவதைப் பார்த்ததில்லை. தினமும் கேட்டதால் பார்த்ததாகவே நினைத்துவிட்டாள். பனி விலகாத காலையில் ஈரத் தரையில் நின்றபோதுதான் அது உறைத்தது. பெட்டிமேல் மூக்குக்கண்ணாடி போட்ட புது ஏலக்காரன் நின்று ஒலிபெருக்கியில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். தப்பில்லாமல் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. இந்த இடத்தில், இந்தப் பெட்டிமேல், அந்த மனுஷன் எப்படி நின்றிருப்பார்? கையை எப்படி வீசியிருப்பார்? இனி எந்தக் காலத்திலும் பார்க்கக் கிடைக்காது. எட்டு மணி வேலைக்கு முன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வந்து நின்றிருக்கலாம்.

ஐஸ் உடைக்கிற பெண்ணொருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க ஏலக்காரர் சம்சாரமா? மாத்திரைக் கம்பெனி?"

"ஆமா."

"உங்க கதைதான் தெனம் இங்க. ஏலம் முடிஞ்சதும் ஒரு டீக்குக்கூட நிக்க மாட்டாரு. ஏன்யா ஓடுறேன்னு கேட்டா, 'என் பொண்டாட்டி பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா, சாயங்காலம் அவ கதையைக் கேக்கணும், அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டாத்தான் தாங்கும்'பாரு. நீங்க சொன்னதா எத்தனை கதை சொல்லிருக்காரு! வயிறு வலிக்கச் சிரிப்போம். அவ்வளவு பேசுறவங்களா நீங்க? பாத்தா அமைதியா இருக்கீங்களே!"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். "நிஜந்தான் அண்ணி" என்றான் அவன், எடைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரை பொறுக்காமல், அப்போதே அவர் எதிரில் உட்கார்ந்தாள். பனியைச் சொன்னாள், கண்ணாடிக்காரனைச் சொன்னாள், அவன் எண்ணைச் சொல்கிற ராகத்தையும் பாடிக் காட்டினாள். ஐஸ் பெண் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நான் பேசுறேன்னு ஏங்க அங்க சொன்னீங்க? நான் பேசணும்னு உங்களுக்கு அவ்வளவு ஆசையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பயிற்சிப் பெண் சொன்னபடி அவள் காத்திருந்தாள். கயிற்றுக் கடையில் யாரோ வந்து பேரம் பேசிவிட்டுப் போகிற வரை காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணில் நீர் திரண்டு கன்னத்தில் இறங்கிற்று. ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர்.

"சரி, சரி, விடுங்க. நான் அங்க போயிருக்கவே கூடாது" என்று பதறி எழுந்தாள்.

இடது கை நீண்டு அவள் முந்தானையைப் பிடித்தது. ஸ்பூனுக்குக்கூட இன்னும் சரியாகப் பழகாத கை, விடவில்லை. அவள் உட்கார்ந்தாள். இல்லை என்று அவர் தலையை அசைத்தார். வாசல் பக்கம், துறைமுகப் பக்கம் தாடையால் காட்டினார்.

"மறுபடியுமா? முதல்ல இருந்தா?"

அவர் தலையாட்டினார்.

அவள் முந்தானையாலேயே அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

"காலையில பனிங்க" என்று ஆரம்பித்தாள். "எதிர்ல வர்ற ஆளே தெரியல. தம்பி முன்னால போறான், நான் அவன் பூட்ஸ் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போறேன்…"